பேய்க்காட்டிய கறி

"நீர் வராத நாளெல்லாம் நடக்கிறார். நேற்றும் நடந்தவர்," என்றாள் நகுலேஸ்வரி.

லண்டன் அப்டன் பார்க்கில் அவளுடைய சேலைக்கடையின் மேல்மாடி. ஞாயிறு மாலை நாலரை மணிதான், ஆனால் நவம்பர் என்பதால் வெளியே இருட்டிவிட்டது. சுலோச்சனா ஒலிப்பதிவுக் கருவியை மடியில் வைத்துக்கொண்டு ஐம்பது நிமிடமாகச் சுவரைப் பார்த்தபடி இருந்தாள். பேய் நடப்பதாகச் சொன்ன அந்த அறையில் ஒரு காலடிச் சத்தமும் இல்லை. தெருவில் பேருந்து போகும்போது சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அதையும் இரண்டு தரம் நம்பி ஏமாந்தாள்.

பேயைக் கண்ணால் காண அவள் வந்த ஏழாவது வீடு இது. பிளேஸ்டோவில் ஒரு குளியலறைக் கதவு தானாக மூடும் என்றார்கள். அவள் போன அன்று அது ஆவென்று திறந்தே நின்றது. ஃபாரஸ்ட் கேட்டில் மாடிப்படியில் யாரோ இருமுவார் என்றார்கள். அவள் போன அன்று அவருக்கு இருமல் சுகமாகியிருந்தது.

லண்டனில் இருக்கும் நம் ஆட்களின் பேய் அனுபவங்கள், அவற்றைக் கேட்டபடி அந்த வீடுகளில் சாப்பிட்ட யாழ்ப்பாணக் கறிகளின் செய்முறைகள், இரண்டையும் சேர்த்து ஒரு புத்தகம். பள்ளிக்கூட அலுவலக வேலை முடிந்த பிறகு இரண்டு வருடமாக அதைத்தான் எழுதினாள். வாயில் சோறு இருக்கும்போதுதான் ஆட்கள் பேயைப் பற்றி வெட்கப்படாமல் பேசுவார்கள் என்பது அவளுடைய கண்டுபிடிப்பு. பதினொரு அனுபவங்கள் சேர்ந்துவிட்டன. பன்னிரண்டாவதில்தான் பதிப்பாளர் ஸ்ரீஸ்கந்தராஜா பிடிவாதமாக நின்றார்.

"பதினொண்டும் கேட்ட கதை, தங்கச்சி. ஒண்டாவது நீங்கள் கண்ணால கண்டதா இருக்கவேணும். இல்லாட்டி அட்டையில 'உண்மை' எண்டு போடேலாது. திங்கட்கிழமைக்குள்ள தாங்கோ. இல்லாட்டி அடுத்த வருசம் பாப்பம்."

அடுத்த வருடம் என்றால் ஒருநாளும் இல்லை என்று பொருள். நாளை திங்கள்.

"சரி, எழும்பும். பட்டினி கிடந்தாப்போல அவர் வரப்போறாரே?" என்று நகுலேஸ்வரி சாப்பாட்டுப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும். சுலோச்சனாவின் கணவன் புவனேந்திரன் சமைத்தது. ஜெர்மனியில் பதினாலு வருடம் உணவக அடுப்படியில் நின்றவன், கையில் மணம் இருந்தது. இரண்டாவது அகப்பை எடுக்கும்போது பெட்டியின் மூலையில் வெள்ளித்தாளில் சுற்றிய ஏதோ ஒன்று நகுலேஸ்வரியின் விரலில் பட்டது. பிரித்தாள்.

"இதென்ன, கரியெல்லே!"

அவள் சிரிக்கத் தொடங்கியவள் நிறுத்தவில்லை. "விசர்ப் பெட்டை! இறைச்சி மணத்துக்குப் பேய் பின்னால வந்திடும் எண்டுதானே ஊரில கரித்துண்டு வைச்சு விடுறது? கரியையும் கட்டிக்கொண்டு வந்து, பேயே வா, பேயே வா எண்டு குந்திக்கொண்டு இருக்கிறீர். அந்தாள் எப்பிடியப்பா கிட்ட வரும்?"

சுலோச்சனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பேய்க்குப் பயந்தவர்கள் வைப்பது கரி. அவள் ஒருநாளும் வைத்ததில்லை.

வீட்டுக்கு வந்து காலணியைக் கூடக் கழற்றாமல் அடுப்படி மேசையில் கரியை வைத்தாள். அலுமாரிக்குக் கீழே கோடையில் வாங்கிய பார்பிக்யூ கரிப்பை பாதியாகச் சுருங்கிக் கிடந்தது. அந்தக் கோடையில் அவர்கள் ஒரே ஒரு தரம்தான் இறைச்சி சுட்டார்கள். அதுவும் மழை வந்து பாதியில் நின்றுபோனது.

"ஏழு தரமும் வைச்சனீங்களோ?"

புவனேந்திரன் வெங்காயத்தை விட்டுத் தலை நிமிரவில்லை. "மீன் கொண்டுபோன அண்டைக்குச் சின்னத்துண்டு."

"உங்களுக்குப் பேயில நம்பிக்கை இல்லையெண்டு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியிறீங்கள்!"

"நம்பிக்கை இல்லைத்தான். அதுக்காக? பொழுதுபட்ட நேரம், இறைச்சி மணத்தோட உம்மைத் தனிய அனுப்பேலுமே?"

"நான் போறதே அதைப் பாக்கத்தானப்பா!"

"பாத்துப்போட்டு அது உம்மோட வீட்டை வந்தால்?"

"வந்தால் வரட்டும், புட்டு வைச்சுக் குடுப்பம்! ரெண்டு வருசம் எழுதினது போச்சு. பேய் பாக்கப் போன என்னை ஏழு தரம் பேய்க்காட்டிப் போட்டீங்கள்!"

அந்தச் சொல் வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அவள் காதில் ஏறியது. பேய்க்காட்டுவது என்பது ஏமாற்றுவதற்கு ஊரில் சொல்கிற சாதாரணச் சொல். அவள் கோபம் தணியாமலே பதிப்பாளருக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அண்ணை, பேய் காட்டினவரைக் கண்டிட்டன். கண்ணால. வெங்காயம் வெட்டிக்கொண்டு நிக்கிறார்."

ஸ்ரீஸ்கந்தராஜா முழுக்கதையையும் கேட்டார். மறுமுனையில் அவர் சிரிக்கிறாரா இருமுகிறாரா என்று தெரியவில்லை.

"இவ்வளவும் உண்மையோ?"

"கரித்துண்டு கையில கிடக்கு."

"அப்ப அட்டையில போடலாம். எழுதி அனுப்புங்கோ. கறிச் செய்முறையையும் விட்டிடாதேங்கோ."

அவள் கணினி முன் உட்கார்ந்து ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதினாள். எழுத எழுத ஆத்திரம் கொஞ்சம் ஆறத்தான் செய்தது, ஆனால் அதை அவள் முகத்தில் காட்டவில்லை. கடைசியாகத் தேவையான பொருட்கள். ஆட்டிறைச்சி ஒரு கிலோ, சின்ன வெங்காயம், தூள், தேங்காய்ப்பால், கரித்துண்டு ஒன்று.

தேநீரோடு வந்த புவனேந்திரன் அவள் தோளுக்கு மேலால் வாசித்தான்.

"பிழை. ரெண்டு எண்டு போடும்."

"பெட்டிக்குள்ள ஒண்டுதானே இருந்தது?"

"அது கறிக்கு." அவன் தேநீரை வைத்துவிட்டு அடுப்படிப் பக்கம் நழுவினான். "மற்றது உம்மட கைப்பையில. சைட் பொக்கற்றைப் பாரும்."