விளக்கைச் சுமந்தவர் யார்

வாசலைத் தாண்டிப் போன ஆவுடையம்மாள் திரும்பி வந்தாள். செருப்பைக் கழற்றாமல் நிலைக்கு வெளியே நின்றபடி, "ஏங்க, நான் வாரதுக்குள்ள அந்தக் கதவைத் திறந்துறாதீக" என்றாள்.

சௌந்தரபாண்டியன் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தான். "எந்தக் கதவு?"

"எந்தக் கதவா? மூணு வாரமா எந்தக் கதவு முன்னால உக்காந்துருக்கோம்? விளக்கு விஷயம் கண்டுபிடிச்சிட்டேன்."

"ஏட்டி, சொல்லிட்டுப் போ."

"பஸ் போயிரும். சாயங்காலம் சொல்லுதேன்." இரண்டடி போய் மறுபடியும் திரும்பினாள். "துவையலை மூடி வச்சிட்டுப் போங்க. எறும்பு ஏறுது."

தொண்ணூற்றேழு பிப்ரவரி பதினெட்டு, செவ்வாய்க்கிழமை. பதினொன்றரைக்கு மில்லுக்குப் போன் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்தவள் சாக்பீஸோடு சரிந்திருக்கிறாள். மில் இருந்த ராஜபாளையத்திலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர். அவன் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. தலைக்குள் நரம்பு வெடித்துவிட்டது என்றார் டாக்டர். அவளுக்கு முப்பத்துநாலு வயது. துவையலை மூடினானா இல்லையா என்பது அவனுக்கு இன்றுவரை ஞாபகமில்லை.

அவள் சொன்ன கதவு கம்ப்யூட்டருக்குள் இருந்தது.

சௌந்தரபாண்டியனுக்கு மில்லில் கம்ப்யூட்டர் செக்‌ஷனில் வேலை. மில்லில் புது மெஷின்கள் வாங்கியபோது பழையதை ஆட்களுக்கே விற்றார்கள். அதில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தான். மெஷின் ரிப்பேருக்கு வந்து போகும் பால்பாண்டியிடம் சுடுகிற விளையாட்டு ஒன்று கேட்டான். பால்பாண்டி பையில் கைவிட்டு அகப்பட்ட ஆறு ஃப்ளாப்பிகளைக் கொடுத்தான். வீட்டில் போட்டுப் பார்த்தால் சுடுவதற்கு ஒன்றுமில்லை. பக்கம் பக்கமாக இங்கிலீஷ். அணைத்துவிடப் போனவனை, "இருங்க, என்னமோ கதை சொல்லுதான்" என்று தடுத்து, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தவள் ஆவுடையம்மாள்தான்.

சூரியன் அடிவானத்தில் சிக்கி நின்றுவிட்ட ஒரு நாடு. அதை விடுவிக்க நாலு பேர் பூமிக்கடியில் இறங்குகிறார்கள். அந்த நாலு பேருக்கும் நாமே பெயர் வைக்கலாம். உக்கிரன், மாடத்தி, பேச்சி, கருப்பன் என்று வைத்தாள். போகிற வழியில் ஊருக்கு ஊர் ஒரு கல் நடப்பட்டிருக்கும். கல்லுக்கு ஒரு வரி தீர்க்கதரிசனம். எல்லாவற்றையும் சேர்த்து அவள் நோட்டில் தமிழில் எழுதி வைத்திருந்தாள்: நால்வர் இறங்குவர். இறந்த அரசன் கதவைக் காப்பான். விளக்கைச் சுமந்தவர் பின்தங்குவார். மூவர் ஏறுகையில் பகல் வரும்.

கடைசிக் கதவின் முன்னால் நின்றால், விளக்கைச் சுமந்தவர் யார் என்று கேட்கும். பெயர் சொன்னால் அந்த ஆளை உள்ளேயே விட்டுவிட்டு வரவேண்டும். தப்பான பெயர் சொன்னால் கதவு ஒரேயடியாக மூடிக்கொள்ளும். விளையாட்டைச் சேமித்துவைக்க ஒரே ஒரு இடம்தான். கதவில் கை வைத்த நிமிஷமே அதன்மேல் புதிதாக எழுதிவிடும். பழையது போனது போனதுதான்.

இவர்களுக்கு வந்த சங்கடம் வேறு யாருக்கும் வந்திருக்காது. நாலு பேரும் கொண்டுபோகிற விளக்கு கனமானது. ஒவ்வொருவர் பையும் இவ்வளவுதான் தாங்கும் என்று கணக்கு உண்டு. வழியில் கிடைக்கும் எந்தச் சாமானையும் வீசி எறிய ஆவுடையம்மாளுக்கு மனசு வராது. ஓட்டைச் சட்டியைக்கூடத் தூக்கிக்கொள்வாள். அதற்கு இடம் பண்ண விளக்கை உக்கிரனிடமிருந்து பேச்சிக்கு, பேச்சியிடமிருந்து மாடத்திக்கு, மாடத்தியிடமிருந்து கருப்பனுக்கு என்று மாற்றி மாற்றிக் கொடுத்திருந்தார்கள். நாலு பேருமே விளக்கைச் சுமந்தவர்கள்.

"ஊரு உலகத்துல ஒருத்தன் கையிலயே விளக்கைக் குடுத்து வச்சிருப்பான்" என்று பால்பாண்டி சிரித்தான். "நீங்கதான்ணே அதை ரேஷன் மண்ணெண்ணெய் டின்னு மாதிரி ஆள் மாத்தி ஆள் தூக்கியிருக்கீக."

கதையும் ஒழுங்காக இல்லை. அரசன் ஆற்றங்கரைப் போரில் செத்தான் என்றது முதல் கல். மூன்றாவது ஊர்ச் சத்திரக்காரன், போன மழைக்கு அரசன் இங்கே வந்து கஞ்சி குடித்தான் என்றான். ஐந்தாவது ஊர்ப் புத்தகத்தில் அந்த நாட்டுக்கு அரசனே இருந்ததில்லை. செத்தவன் யார், காக்கிறவன் யார் என்று தெரியாமல் கதவை நெருங்க முடியாது என்பது ஆவுடையம்மாள் கட்சி. ஒவ்வொரு ஊகத்தையும் நோட்டில் எழுதி, பரீட்சைப் பேப்பர் திருத்துவதுபோலப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவாள். சத்திரக்காரன் பார்த்தது அரசனின் தம்பியை: ஐந்து. அரசன் என்பது பட்டம், ஆள் இல்லை: ஆறரை.

"எழுதுனவனுக்கு மறந்துபோச்சு. அம்புட்டுதான்" என்றான் சௌந்தரபாண்டியன் ஒரு தடவை.

அதையும் எழுதிக்கொண்டாள். "ரெண்டு மார்க்கு."

"ஏட்டி, அநியாயமா இருக்கே."

"எழுதுனவனுக்கு மறதின்னுட்டா பொறவு எந்தக் கதையத்தான் படிக்க? ரெண்டே தண்டம். அதுவும் என் கையெழுத்து அழகுக்காகப் போட்டேன்."

அந்த வீட்டில் ஒரு சட்டமும் உண்டு. சேமித்ததைக் காப்பி எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகச் சொல்லிப் பார்க்கக் கூடாது. அது புத்தகத்தைப் பார்த்துப் பரீட்சை எழுதுகிற மாதிரி என்பாள். கம்ப்யூட்டரே பிழைப்பாக இருந்தவனுக்கு அந்தக் காப்பி ஒரு வரி வேலை. ஒரு நாளும் எடுத்ததில்லை.

பதினாறு கழிந்து, கூமாப்பட்டியிலிருந்து வந்திருந்த அவள் வீட்டார் ஊர் திரும்பினார்கள். அவன் மில்லுக்குப் போகத் தொடங்கினான். வீட்டுக்கு வந்தால் சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருப்பான். தூக்கம் வந்தது, பசி வந்தது, எல்லாம் வந்தது. எதையும் எழுந்து செய்வதற்குத்தான் உடம்பு வரவில்லை. விளையாட்டு முடியவேண்டும் என்ற ஆசை அவனுக்கு இல்லை. சாயங்காலம் சொல்லுதேன் என்றாளே, அது என்ன என்று தெரிந்தால் போதும் என்றிருந்தது.

நோட்டை எடுத்தான். கடைசிப் பக்கத்தில் நாலு பெயரும் இருந்தன. உக்கிரன் மூன்று. கருப்பன் இரண்டு. மாடத்தி ஏழு. பேச்சி ஏழு. இரண்டு ஏழுக்கும் கீழே ஒன்றும் எழுதவில்லை.

பால்பாண்டி பார்க்க வந்தான். மெஷினைக் காட்டி, "அண்ணே, ஒரு காப்பி போட்டுட்டு ரெண்டு பேரையும் சொல்லிப் பாப்பமா? அஞ்சு நிமிசம்" என்றான்.

"வேண்டாம்லே."

"மதினி ஒண்ணும் சொல்ல மாட்டாக."

"அதான் வேண்டாங்கேன். கதவு என்ன சொல்லும்னு யார் கேட்டா? அவ என்ன சொல்ல வந்தான்னுதான் எனக்குத் தெரியணும்."

பால்பாண்டி போகும்போது மெஷின்மேல் இருந்த தூசியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுப் போனான்.

மார்ச் கடைசியில், அவள் சாமான்களை எடுத்துப்போகச் சொல்லிப் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தது. நோட்டையும் எடுத்துக்கொண்டு போனான். ஆசிரியர் அறையில் கணக்கு டீச்சர் பிச்சையம்மாள் மட்டும் இருந்தாள். ஒரு துணிப்பையை மேஜைமேல் வைத்தாள். தூக்குச்சட்டி, கண்ணாடிக் கூடு, சிவப்பு மைப் பேனா ஒன்று. வேறு காகிதம் ஏதுமில்லை.

அவன் நோட்டைப் பிரித்துக் காட்டினான். "ரெண்டு பேருக்கும் ஏழு போட்டிருக்கா. இதுல எதை முடிவா வச்சிருப்பா?"

பிச்சையம்மாள் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். "பென்சில்லல்லா போட்டிருக்காக. அப்பம் முடிவில்லண்ணே. அவிய மொதல்ல பென்சில்லதான் போடுவாக. கட்டு அம்புட்டையும் திருத்தினப் பொறவு திரும்ப வந்து, கூட்டிக் குறைச்சுதான் செவப்பு மை வைப்பாக. பென்சில்ல ஏழு வாங்கினது மையில மூணு ஆனதுண்டு. பிள்ளைகளுக்கு அதுலதான் பயமே."

அவன் பக்கங்களைப் புரட்டினான். நோட்டு முழுக்கப் பென்சில். இரண்டு வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் அவன் இதைக் கவனித்ததில்லை.

"அன்னைக்குக் காலையில உங்ககிட்ட எதாவது சொன்னாளா? விளக்கு, கதவுன்னு?"

பிச்சையம்மாள் முகம் மாறியது. நோட்டை மூடி அவன் பக்கம் தள்ளி வைத்தாள்.

"சொன்னாக."

"என்ன சொன்னா?"

"பத்து மணி இன்டர்வல்ல சிரிச்சுக்கிட்டே வந்து உக்காந்தாக. 'பிச்சை, இத்தனை நாளாக் கேள்வியையே தப்பாக் கேட்டுக்கிட்டிருந்தோம்'னாக. பொறவு சொன்னாக. முழுசாச் சொன்னாக, அஞ்சு நிமிசம். எனக்கு அன்னைக்குக் கடவாப்பல்லு வலி உயிர் போகுது. கன்னத்துல கைய வச்சுக்கிட்டு ம், ம்முன்னு கேட்டேன். ஒண்ணும் தலையில ஏறல. நாளைக்குக் கேட்டுக்கிடலாம்னு இருந்துட்டேன்."

"ஒண்ணுமே ஞாபகம் இல்லையா?"

"அந்த ஒரு வரிதான். நானும் எம்புட்டோ யோசிச்சுப் பாத்துட்டேன் அண்ணே." சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அந்தப் பல்லை மறுவாரமே பிடுங்கியாச்சு."

அவளைக் கோபிக்க அவனுக்குத் தெம்பில்லை. நியாயமும் இல்லை. "செத்த நேரம் உக்காந்துட்டுப் போறேன்" என்றான். ஆவுடையம்மாளின் நாற்காலி எது என்று கேட்கவில்லை. கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு எழுந்து வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை மெஷினைப் போட்டான். அவள் போனபிறகு அன்றுதான் முதல் தடவை. கதவு அப்படியே நின்றது. நாலு பேரும் அதன் முன்னால் நின்றார்கள். ஒவ்வொருவர் பையாகத் திறந்து பார்த்தான். கடைசியாக அவன் பார்த்தபோது விளக்கு மாடத்தியிடம் இருந்தது. இப்போது மாடத்தியின் பையில் அந்த இடத்தில் ஒரு கயிறு இருந்தது. உக்கிரனிடம் விளக்கு இல்லை. பேச்சியிடமும் கருப்பனிடமும் இல்லை. விளக்கு கதவுக்கு முன்னால் தரையில் எரிந்துகொண்டிருந்தது.

அவள் போனதற்கு முந்தின நாள் சாயங்காலம் அவன் சீனி வாங்கக் கடைக்குப் போய்வந்த நேரத்தில் அவள்தான் உட்கார்ந்திருந்தாள். அப்போது இறக்கி வைத்திருக்கவேண்டும்.

அதையே பார்த்துக்கொண்டிருந்தான். கேள்வியைத் தப்பாகக் கேட்டோம் என்றாளாம். யார் சுமந்தார் என்று பார்க்கவேண்டியதில்லை, எல்லோருமாகச் சுமந்ததை எல்லோருமாக இறக்கி வைத்துவிட்டு உள்ளே போகவேண்டும் என்று கண்டுபிடித்திருக்கலாம். கதவு கேட்கும்போது சொல்ல ஒரு பெயரும் இருக்கக்கூடாது என்று நினைத்திருக்கலாம். அல்லது தரையில் கிடந்த கயிற்றை விட மனசில்லாமல், அதற்கு இடம் பண்ண, கனமான விளக்கைச் சற்று இறக்கி வைத்திருக்கலாம். அவள் சுபாவத்துக்கு எல்லாமே பொருந்தும்.

கதவைத் தொட ஒரு விசைதான் தட்டவேண்டும். தட்டினால் தெரிந்துவிடும். தெரியப்போவது என்னவோ, விளையாட்டை எழுதினவன் நினைத்ததுதான். அவள் சொன்னது தப்பு என்று கதவு மூடிக்கொண்டால், எழுந்து நின்று வாதாட அவள் இல்லை. அரை மார்க்குக்காக ஒரு மணி நேரம் சண்டை போடுகிறவள். அவள் சார்பில் அந்தச் சண்டையைப் போட அவனுக்குத் தெரியாது.

நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தில், இரண்டு ஏழுக்கும் கீழே, 'விளக்கு தரையில். காரணம் தெரியவில்லை' என்று பென்சிலில் எழுதினான். மார்க் போடும் இடத்தை விட்டுவைத்தான். சேமிக்காமல் மெஷினை அணைத்தான்.

தொண்ணூற்றொன்பதில் அந்த மெஷின் பழுதாகிவிட்டது. பால்பாண்டி உள்ளே இருந்த டிஸ்க்கை மட்டும் கழற்றி வேறொரு மெஷினில் மாட்டிக்கொடுத்தான். சௌந்தரபாண்டியன் எப்போதாவது அதில் ஃபைல் பட்டியலைப் போட்டுப் பார்ப்பதுண்டு. விளையாட்டைச் சேமித்த ஃபைலுக்கு நேரே 97 பிப்ரவரி 17, மாலை 7.42 என்றுதான் இருக்கிறது.