தண்ணி இருக்கிற பக்கம் கிழக்கு

ராயபுரத்தில் பிறந்தவனுக்குத் திசை தெரியச் சூரியன் வேண்டாம். கடல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் கிழக்கு, தீர்ந்தது விஷயம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் பஷீர் இந்த ஞானத்தை வேலூர் மலைவரை சுமந்துகொண்டு போனதுதான் வம்பாகிப்போனது.

கோட்டை பார்ப்பதெல்லாம் ஒரு சாக்கு. முன்பு அவனோடு துறைமுகத்தில் வேலை பார்த்த தோஸ்து கமாலுதீன் இப்போது வேலூரில் தோல் மண்டியில் இருந்தான். அவன் மகனுக்குத் தன் மகளைக் கொடுப்பதாக டீக்கடையில் வைத்து பஷீர் வாக்குக் கொடுத்துவிட்டான். பையனுக்கு ஒன்பது மாதம், பெண்ணுக்கு ஆறு! வேலூர் போன அன்று சாயங்காலம் பெரியவர்கள் முன்னால் சர்க்கரை மாற்றி அதை உறுதி செய்வதாக ஏற்பாடு.

பஷீரின் மனைவி மரியத்துக்கு வயிறு எரிந்தது. அவள் அக்காவுக்கும் தொட்டிலிலேயே பேசி முடித்தார்கள். அக்கா புளியந்தோப்பில் இன்றைக்கும் அடி வாங்கிக்கொண்டிருக்கிறாள். சொன்னால் அவன் கேட்டால்தானே? "ஆம்பள குட்த்த வாக்கு" என்று மீசையை முறுக்கினான்.

குழந்தையைக் கமாலுதீன் மனைவி ரஹீமுன்னிசாவிடம் விட்டுவிட்டு, மதியத்துக்குள் திரும்புவதாகச் சொல்லிக் கிளம்பினார்கள். அகழியைச் சுற்றினார்கள், அந்த நாளில் சாமியில்லாமல் கிடந்த கோட்டைக் கோயிலின் கல்தூண்களைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள், பிறகு ஊருக்குக் கிழக்கே இருந்த மலையில் ஏறி இடிந்த மதில்வரை போனார்கள். இறங்கும்போது வானம் மூடிக்கொண்டது, பாறைகள் மறைத்ததில் ஊரும் தெரியவில்லை. ஒற்றையடிப் பாதை இரண்டாகப் பிரிந்தது. தூரத்தில் ஒரு ஏரி பளபளத்தது.

"தண்ணி அந்தாண்ட கீது. அப்போ அதான் கெய்க்கு. ஊரு மேக்கால, இந்தாண்ட வா" என்றான் பஷீர்.

"ஏங்க, அது ஏரிங்க. கடலு இல்ல."

"எனுக்கே வயி காட்றியா நீ?"

அவ்வளவுதான். மலையின் பின்பக்கம் போய் இறங்கினார்கள். முள்ளில் புடவை கிழிந்தது. ஆடு மேய்க்கிறவரிடம் வழி கேட்டு மலையைச் சுற்றி நடந்தார்கள். மரியத்துக்குப் பால் கட்டி மார்பு வலித்தது, பிள்ளை என்ன பாடுபடுகிறதோ என்று வழியெல்லாம் புருஷனைத் திட்டிக்கொண்டே வந்தாள். வீடு சேர்ந்தபோது அந்தி நேர மஃரிப் தொழுகை முடிந்து பெரியவர்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தையோ நிம்மதியாகத் தூங்கியது.

"ரொம்ப அய்துச்சா அக்கா?"

"அழாம இருக்குமா? என் பாலைத்தான் குடுத்தேன். அழுதப்பல்லாம் குடுத்தேன்" என்றாள் ரஹீமுன்னிசா.

அது பாயில் இருந்தவர்கள் காதிலும் விழுந்தது. மூத்தவர் ஒருவர் தாடியைத் தடவினார்.

"அப்ப ரெண்டும் ஒரே பால் குடிச்ச அண்ணன் தங்கச்சி ஆயிடுச்சே. இதுங்களுக்குள்ள நிக்காஹ் கூடாது. சர்க்கரையை எடுத்துச் சும்மா வாயில போடுங்க."

தோஸ்துகள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து விழித்தார்கள். பஷீர் தலையைச் சொறிந்தான். "நான் இன்னா மாமு பண்றது? வாக்கு நான் மாறலியே" என்றான். கமாலுதீன் சிரித்துவிட்டான்.

மரியம் அடுப்படிக்கு ஓடினாள். அப்பாடா! முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள், சிரிப்பும் வந்தது. பின்னாலேயே வந்த ரஹீமுன்னிசா ஒரு சொம்பின் மூடியைத் திறந்து காட்டினாள். உள்ளே ஆட்டுப்பால், தொடாமல் ஆடை கட்டிக் கிடந்தது.

"உன் பிள்ளைக்குன்னு காலையிலேயே காய்ச்சி வச்சேன். அப்புறம்தான் யோசிச்சேன்" என்றாள். "இந்தச் சம்பந்தம் வேணாம்னு எங்க வீட்டுக்காரருகிட்ட சொல்லிச் சொல்லி எனக்கு வாய்தான் வலிச்சது, மரியம். நல்லவேளை, உங்க வீட்டுக்காரரு வழி தவறினாரு."