முகம் தெரியாத பெட்டி

வார்னிஷின் இரண்டாவது கோட்டும் காய்ந்துவிட்டது. பெட்டி கண்ணாடி மாதிரி பளபளத்தது. அவள் டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள். ‘மேட்’, பளபளக்காது என்றுதானே போட்டிருக்கிறது?

பெட்டி அவள் கணவர் செய்தது. பஸ் ஓட்டியவர். படுக்கையில் விழுந்த பிறகு, முடிந்த நாட்களில் எழுந்து உட்கார்ந்து இழைத்து ஒட்டினார். அவருடைய சாம்பலுக்குத்தான். “கடைசி ட்ரிப்புக்கு வண்டி ரெடி” என்று சிரிப்பார். அவள் கடையிலிருந்து வார்னிஷ் பூசிய மாதிரிப் பலகைகளை வாங்கி வந்த அன்று அந்தச் சிரிப்பு நின்றது.

“பளபளப்பு வேணாம். என் மூஞ்சி உள்ளேருந்து என்னையே பாக்குது. பயமா இருக்கு.”

முப்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே இல்லை. அன்றிலிருந்து அவளுக்கும் பயம் பிடித்துக்கொண்டது.

காலையில் வந்த நர்ஸ், “இன்னைக்குத் தாண்டாதும்மா” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அதற்குள் பெட்டியை அவர் கண்ணில் காட்டிவிட வேண்டும். கடைக்காரருக்குப் போன் போட்டாள்.

“அடி வரைக்கும் கிளறுனீங்களா?”

“இல்லியே. குலுக்கினா நுரை வரும்னு அவர் சொன்னாரு. ஆட்டாம அசைக்காம தொறந்து அடிச்சேன்.”

“போச்சு போங்க! குலுக்கத்தாம்மா கூடாது, கிளறணும். பளபளப்பை மங்க வைக்கிற பொடி பூரா அடியில கெடக்கும். லேசா தேய்ச்சுட்டு, கிளறி இன்னொரு கோட் குடுங்க. ரெண்டு மணி நேரத்துல காஞ்சிடும்.”

ரெண்டு மணி நேரமா?

“ஏய்…” உள்ளேயிருந்து குரல் வந்தது. “ஆச்சா?”

“ஆயிடுச்சுங்க. காயுது.”

“மூஞ்சி தெரியலையே?”

“சேச்சே, தெரியலைங்க.”

உப்புத்தாளை எடுத்துப் பெட்டியின் பக்கங்களைத் தேய்த்தாள். அந்தச் சத்தத்தில் அவர் மூச்சிழுப்பது கேட்கவில்லை. நிறுத்தினாள், கேட்டது. தேய்த்தாள், நிறுத்தினாள், கேட்டது. இன்னும் கொஞ்சம் தேய்த்துவிட்டு நிறுத்தினாள். கேட்கவில்லை.

“ஏங்க?”

கையில் அகப்பட்ட பெட்டி மூடியோடு உள்ளே ஓடினாள். மூடியை இன்னும் தேய்த்திருக்கவில்லை. அதை அவர் மூக்குக்குக் கீழே பிடித்தாள். மூச்சு இருந்தால் பளபளப்பில் ஆவி படியும். கடவுளே, கொஞ்சமாவது படியட்டும்.

படியவில்லை. அவர் முகம்தான் அதில் தெளிவாகத் தெரிந்தது.

சட்டென்று மூடியைத் தன் மார்போடு கவிழ்த்துக்கொண்டாள்.

பிறகு வெளியே வந்தாள். யாருக்கும் போன் போடவில்லை. மூடியைத் தேய்த்து முடித்துவிட்டு, ஒரு குச்சியை டப்பாவின் அடி வரைக்கும் விட்டு மெதுவாகக் கிளற ஆரம்பித்தாள்.