கீட்டோன் மணம்

"யாருக்காகடி சென்ட் போட்டுட்டு வர்ற?"

மருமகளை வாசற்படியிலேயே மறித்தாள் மாமியார். மருமகளின் கணவன் இறந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. அவள்மீது பூ மணத்தது.

"சென்ட் இல்ல அத்தை. லேப்ல செஞ்ச கீட்டோன், சென்ட்டுல கலக்குற ரசாயனம். வெறும் தண்ணியில கழுவினா போக மாட்டேங்குது."

"ஊரு சிரிக்கும் முன்னாடி வேலைய விட்டுடு," என்றான் உள்ளே இருந்த மைத்துனன். "வாசனையோட திரியிற வயசா, நேரமா?"

கணவன் பார்த்த வேலை அது. கல்யாணத்தோடு அவள் மூட்டை கட்டி வைத்த வேதியியல் படிப்பை நம்பி, கம்பெனிக்காரர்கள் அவளுக்கு அதே மேசையைக் கொடுத்திருந்தார்கள். ஒன்பது வருஷம் அவனும் இதே மணத்தோடுதான் வீடு திரும்பினான். யாருக்காக என்று ஒருவரும் கேட்டதில்லை.

மறுநாளும் போனாள். வாலையில் வடித்தெடுத்த எண்ணெய் போன்ற திரவம் சரியான கீட்டோன்தானா என்று நிரூபிக்க வேண்டும். ஒரு துளியைச் சோதனைக் கரைசலில் விட்டாள். ஆரஞ்சு நிறப் படிகங்கள் பொலபொலவென்று இறங்கின. இன்னொரு பங்கில் வேறொரு மருந்தைச் சேர்த்து, விழுந்த வெள்ளைப் படிகங்களைப் பிரித்து, உலர்த்தி, உருக வைத்தாள். நூற்றுத் தொண்ணூற்றெட்டு டிகிரி. கணவனின் பழைய குறிப்பேட்டிலும் அதே எண். முதுகுக்குப் பின்னால் யாரோ எட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது. திரும்பினாள். காலி நாற்காலி.

அன்று மாலை கதவைத் திறந்தபோது மாமியார் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"வந்துட்டியாப்பா?"

மருமகள் வாசலிலேயே நின்றுவிட்டாள். புரண்டு பார்த்த கிழவி, அவளைக் கண்டதும் முகத்தை மூடிக்கொண்டு விம்மினாள். ஏழு மாதத்தில் முதல் தடவையாக அவள் அருகில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டாள் மருமகள்.

காலையில் மைத்துனன் மறுபடி ஆரம்பித்தான். "இன்னும் வேலைய விடலயா?"

"நீ சும்மா இருடா. அவ போகட்டும்," என்றாள் மாமியார். பிறகு மருமகளின் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தினாள்: "சாயங்காலம் கை காலு கழுவாம அந்த வாசனையோட அப்படியே வந்துடும்மா. எம்புள்ள வந்த மாதிரி இருக்கு."

ஊருக்காக மறுக்கப்பட்ட வேலை, செத்தவனுக்காகத் திரும்பக் கிடைத்தது. அவளுக்காக என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

"நல்லா சோப்பு போட்டுக் கழுவிட்டுத்தான் வருவேன் அத்தை," என்றாள் அவள், நிதானமாக. "அவரு இனிமே வரமாட்டாரு. வர்றது நான்."

பதிலுக்குக் காத்திராமல் தெருவில் இறங்கி நடந்தாள்.