வாக்கர் சத்தம்

"கதவைச் சாத்துன்னு எத்தனை தடவை—"

"சாத்தறேன், நீங்க எழுந்திருச்சு கூடத்துல ஒரு நடை நடங்க, அப்பறம்—"

"முதல்ல சாத்து. போறவன் வர்றவன் எல்லாம் எட்டிப் பாத்துக்கிட்டு—"

"ஆமாம், ஊருல அவனவனுக்கு வேற வேலை இல்ல. உங்க முட்டியைத் தரிசனம் பண்ணத்தான் வர்றானுவ. எழுந்திரிங்க."

"மெல்லப் பேசு காத்தாயி. செவுத்துக்கு அந்தாண்ட துரைக்கண்ணு இருக்கான்."

காத்தாயி கதவைச் சாத்தினாள். குரலை மட்டும் இறக்கவில்லை.

"துரைக்கண்ணுக்குக் காலைக் காட்டாம இருக்கணும்கிறதுக்காக, அந்தக் காலே போனாலும் பரவாயில்லையா?"

சிவசாமி கட்டிலில் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தஞ்சாவூரில் வலது முட்டியை மாற்றி வைத்து, அவரை வீட்டுக்கு அழைத்து வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. செலவு அரசாங்கக் காப்பீட்டு அட்டையில் போயிற்று. ஊருக்கு, மகள் வீட்டுக்குப் போய் வந்ததாகச் சொல்லி வைத்திருந்தார்கள்.

மறைத்ததற்குக் காரணம் நிலம். குடமுருட்டி ஆற்றங்கரையில் நாலு மா, ஒன்றேகால் ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். சிவசாமியின் அப்பா காலத்துக் குத்தகை. நிலத்துக்காரர் வைத்தியலிங்கம் தஞ்சாவூரில் இருக்கிறார். புறவழிச்சாலை வந்ததும் அக்கம்பக்கத்து வயல்களில் மனைக் கல் முளைத்தது. அவருக்கும் ஆசை வந்தது. குத்தகைதாரரை லேசில் எழுப்பிவிட முடியாது, சட்டம் இருக்கிறது. ஆனால் உடம்பு வணங்கிப் பயிர் செய்கிறவருக்குத்தான் அந்தச் சட்டம் காவல் நிற்கும். 'சிவசாமி வயலில் கால் வைத்தே பல வருஷம் ஆகிறது, கூலிக்கு ஆள் விட்டுச் செய்கிறார்' என்று வைத்தியலிங்கம் வருவாய் கோர்ட்டில் மனுப் போட்டுவிட்டார். நாளைக் காலை வருவாய் ஆய்வாளர், ஆர்.ஐ., வந்து நிலத்தைப் பார்க்கப் போகிறார். அடுத்த வீட்டுத் துரைக்கண்ணுவோ, வைத்தியலிங்கத்தின் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொள்கிறவர்.

அதனால் சிவசாமி, தனக்கு ஒன்றுமே ஆகவில்லை என்று வைத்துக்கொண்டார். வாக்கரை ஊன்றினால் தரையில் டக் டக்கென்று கேட்கும் என்று, முதல் நாளோடு நடையை நிறுத்தினார். காத்தாயி அதன் நாலு காலுக்கும் பழைய புடவைத் துணியைச் சுற்றிக் கட்டினாள். வழுக்குகிறது என்றார். தொடை வரை இழுத்துப் போடுகிற இறுக்கமான வெள்ளைக் காலுறை வேட்டிக்குக் கீழே தெரிகிறது என்று கழற்றி எறிந்தார். கக்கூஸ் கொல்லைக் கடைசியில். போனால் நாலு வீட்டுக் கண்ணில் படவேண்டும். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்: தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார்.

மாத்திரையை மட்டும் தவறவிடவில்லை. "ரத்தம் கட்டாம இருக்கத்தானே மாத்திரை? அதான் போடறேனே."

வார்டில் இருந்த நர்ஸ் லத்தீஃபா படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பினாள். "மாத்திரை பாதி வேலைதான் ஐயா செய்யும். மீதி உங்க கையில. நடக்கணும், படுத்திருந்தாலும் பாதத்தை மேலயும் கீழயும் ஆட்டணும், தண்ணி குடிக்கணும். அசையாமக் கெடந்தா கால்ல ரத்தம் உறைஞ்சுரும். உறைஞ்சது கெளம்பி நுரையீரலுக்குப் போயிருச்சுன்னா ஆளையே கொண்டுபோயிரும்." இன்னும் நன்றாகப் புரியட்டும் என்று, "வாய்க்கால்ல தண்ணி நின்னா பாசி கட்டுதில்ல, அது மாதிரி" என்றாள்.

"வாய்க்கால் எப்படி ஓடுதுன்னு எனக்கே பாடம் எடுக்குது இந்தப் பொண்ணு" என்று அன்றைக்குச் சிவசாமி சிரித்தார். பாடத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு காத்தாயி ஈரத்துணியால் அவர் காலைத் துடைக்க உட்கார்ந்தாள்.

"ஏங்க, கால் வீங்கியிருக்கே."

"அறுத்துத் தைச்ச கால் வீங்காம என்ன செய்யும்?"

"முட்டியைச் சொல்லலீங்க. கீழ. கெண்டைக்கால்."

உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். கொதித்தது. இடது காலைத் தொட்டாள், அது சாதாரணமாக இருந்தது. மறுபடி வலது காலை லேசாக அழுத்தியதும் சிவசாமி பல்லைக் கடித்தார்.

"எப்பலேருந்து?"

"நேத்துலேருந்து இழுத்துப் புடிக்குது. தைலம் போட்டு நல்லா உருவி விடு. சரியாப் போயிரும்."

நடவுக் காலத்தில் இந்த வீட்டில் யாருக்குக் கால் வலித்தாலும் அதுதான் வைத்தியம். காத்தாயி எழுந்து தைலத்தை எடுத்து, உள்ளங்கையில் ஊற்றியும்விட்டாள். அப்புறம் என்னவோ தோன்றியது. அந்தக் கையை ஏந்தியபடியே மறு கையால் லத்தீஃபாவுக்குப் போன் போட்டாள்.

"தேய்ச்சுட்டீங்களாம்மா?"

"இல்ல. கையில ஊத்திட்டேன்."

"தொடாதீங்க. உருவினா உள்ள உறைஞ்சிருக்கறது பிச்சுக்கிட்டுப் போயிரும். மூச்சு வாங்குதா? நெஞ்சு வலி இருக்கா?"

"அதெல்லாம் இல்ல."

"அது வந்துச்சுன்னா நூத்தியெட்டுக்கு அடிச்சிருங்க. இல்லாட்டியும் ஆட்டோ வச்சு இப்பவே கெளம்புங்க. நாளைக்குன்னு மட்டும் வைக்காதீங்கம்மா."

தைலத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு காத்தாயி திரும்பினாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார்.

"நாளைக்கு மத்தியானம் போவோம்" என்றார். "ஆர்.ஐ. வந்துட்டுப் போகட்டும். வரப்புல நான் நிக்கணும்."

"நிக்கறதுக்கு ஆள் இருக்கணுமே."

"நிலம் போயிருச்சுன்னா ஆள் இருந்து என்ன?"

அவரோடு பேசிப் பயனில்லை என்று தெரிந்தது. வக்கீல் தியாகராசனைக் கூப்பிட்டாள். விஷயத்தைச் சொல்லி, "ஆர்.ஐ. வர்ற தேதியைத் தள்ளிப் போடச் சொல்ல முடியுங்களா சார்?" என்று கேட்டாள்.

"எதுக்கும்மா தள்ளணும்? அவரு ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். நீங்க இருக்கீங்கள்ல?"

"நான் இருந்து என்ன சார்?"

"குத்தகைதாரர் உழைக்கணும், இல்லாட்டி அவரு குடும்பத்துல ஒருத்தர் உழைக்கணும். சட்டம் அவ்வளவுதான் கேக்குது. நடறது, களையெடுக்கறது எல்லாம் நான்தான்னு நீங்க ஒரு வாக்குமூலம் குடுத்தா முடிஞ்சுது. ஐயாகிட்ட முதல்லயே சொன்னேனே. உங்ககிட்ட சொல்லலியா?"

காத்தாயி போனை மடியில் வைத்தாள். குறுவை நட்ட சேறு இன்னும் அவள் கால் நகங்களில் கறுப்பாக இருந்தது.

"வக்கீல் உங்ககிட்ட இதைச் சொன்னாரா?"

"சொன்னாரு."

"எங்கிட்ட ஏன் மறைச்சீங்க?"

சிவசாமி கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எங்கப்பா பேருக்கப்பறம் என் பேருல இருக்கற குத்தகை. பொண்டாட்டி சேத்துல நிக்கறா, அதனால சிவசாமிக்கு நிலம் இருக்குன்னு கோர்ட்டுல எழுதி வைக்கணுமா? நான் வயல்ல கால் வைக்கறதில்லன்னு வைத்தியலிங்கம் சொன்னதை நாமளே ஒப்புக்கிட்ட மாதிரி ஆவாதா?"

"வைக்கறதில்லதானே?" என்றாள் காத்தாயி. இப்போது அவள் குரல் தாழ்ந்திருந்தது. "உங்களுக்கு முட்டி போனதுலேருந்து நீங்க வரப்புல உக்காந்திருந்தீங்க. நான் உள்ள நின்னேன். அதை வெளிய சொல்றதைவிட, ரத்தம் கட்டிச் செத்துப் போறது தேவலைன்னு படுத்துக் கெடந்தீங்களா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

காத்தாயி எழுந்து போய்க் கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்தாள். வெயில் கட்டில் வரைக்கும் வந்தது. துரைக்கண்ணு தன் வாசலில் உட்கார்ந்து தென்னங்கீற்றைச் சீவி விளக்குமாற்றுக்கு ஈர்க்கு எடுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே."

"என்னம்மா?"

"இவங்களுக்கு முட்டி ஆபரேசன் ஆயிருக்கு. உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு இத்தனை நாளா அசையாமப் படுத்திருந்தாங்க. இப்பக் கால்ல ரத்தம் கட்டியிருக்கும்போல இருக்கு. ஆட்டோ வேணும்."

துரைக்கண்ணு கத்தியைக் கீழே வைத்தார். "எனக்குத் தெரியும்மா. முதல் நாளே வாக்கர் சத்தம் கேட்டுதே. எங்கம்மாவுக்கும் அதே வாக்கர்தான்."

"நிலத்துக்காரருகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"என்னை யாரும் கேக்கல." போனை எடுத்துக்கொண்டே எழுந்தார். "சட்டையை மாட்டி விடு. ஆட்டோ நான் பாக்கறேன்."

உள்ளே சிவசாமி கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். ஒரு சொம்புத் தண்ணீரைக் காத்தாயி நீட்ட, ஒரே மூச்சில் குடித்தார். வாக்கர் கால்களில் சுற்றியிருந்த துணிகளை அவள் அவிழ்த்துப் போட்டாள். அவர் தடுக்கவில்லை. கட்டிலிலிருந்து வாசல், வாசலிலிருந்து தெரு. ஒவ்வொரு ஊன்றலும் கணீரென்று கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் சைக்கிளை ஒதுக்கி வழி விட்டார்.

ஆட்டோவில் வலது காலை நீட்டி உட்கார வைத்து, காத்தாயி ஓரத்தில் ஒண்டிக்கொண்டாள். வண்டி ஆற்றுப் பாலத்தின் மேல் ஏறியது. கீழே குடமுருட்டியில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அவளுக்கு அவருடைய மூச்சின் மேலேயே காது இருந்தது. சீராகத்தான் இருந்தது.

"ராத்திரி மக வந்து கூட இருக்கேன்னுருச்சு" என்றாள். "காலையில முதல் பஸ்ஸுக்கு நான் வந்துருவேன்."

"ம்."

"ஆர்.ஐ. கேப்பாரு. இந்த வயல்ல பாடுபடறது யாருன்னு கேட்டு எழுதிக்குவாரு."

அவர் வயல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் என்ன சொல்லட்டும்?"