கதவில் ஒட்டிய சீட்டு

அறிவியல் அறைக் கதவைத் திறந்ததும் மருந்து நெடி மூக்கில் ஏறியது. ஜன்னல்கள் இறுக மூடியிருந்தன. கணினியின் மேல் பிளாஸ்டிக் உறை போர்த்தியிருந்தது. உலக உருண்டைக்குக்கூட ஓர் உறை இருந்தது. மேசையில் வரிசையாக வைத்திருந்த, வலைமூடி போட்ட என் ஆறு கண்ணாடிப் பெட்டிகளை மட்டும் யாரும் போர்த்தியிருக்கவில்லை.

குச்சிப்பூச்சிகள் பதினொன்றும் இலைகளிலிருந்து விழுந்து கால்களை மடக்கிக் கிடந்தன. அவை என் வீட்டுக் குளியலறை அலமாரியில் முட்டையிலிருந்து வெளிவந்தவை. நான்கு மாதம் என் கணவர் தண்ணீர் தெறிக்காமல் குளித்துப் பழகினார். மரவட்டைகள் சுருண்டுகொள்ளவும் முடியாமல் நீட்டிக் கிடந்தன. கருவண்டின் ஒரு கால் மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் நின்றது.

பள்ளிகளுக்கு உயிருள்ள சிற்றுயிர்களைக் கொண்டுபோய்ப் பாடம் நடத்துவது என் வேலை. பிள்ளைகள் தொட்டுப் பார்ப்பார்கள், அளப்பார்கள், கேள்வி கேட்பார்கள். மண்புழுவைச் சொரசொரப்பான தாளில் ஊரவிட்டுக் காதை அருகில் வைத்தால், அதன் நுண்மயிர்கள் உரசும் ஓசை கேட்கும். அதைக் கேட்ட பிள்ளை அப்புறம் மண்புழுவை மிதிக்காது. இந்தப் பள்ளியில் நான்காம் வகுப்பின் இருபத்துநான்கு பேருக்கு இது ஐந்தாவது வாரம். நால்வருக்கு ஒரு பெட்டி. பெயர்களை அவர்களே வைத்தார்கள். நத்தைக்கு ‘அவசரம்’. மரவட்டைக்கு ‘ரயில்’. கருவண்டு நாள் முழுக்கச் சும்மா இருந்துவிட்டுச் சாப்பாடு வரும்போது மட்டும் வெளியே வருவதால் அதற்கு ‘மேனேஜர்’.

என்ன நடந்ததென்று பின்னாலேயே வந்த தலைமையாசிரியைதான் சொன்னார். வெள்ளிக்கிழமை நான் கதவில் ஒட்டிவிட்டுப் போன சீட்டை அலுவலக எழுத்தர் புகார் என்று எடுத்துக்கொண்டாராம். ‘உள்ளே பூச்சிகள் உள்ளன. கவனம்.’ உடனே மருந்தடிப்பவருக்குப் போன் போட்டுவிட்டார். அவர் இன்று காலை முதல் வேலையாக இந்த அறையை முடித்துவிட்டு, இப்போது கழிப்பறைப் பக்கம் இருக்கிறார்.

சீட்டு இன்னும் கதவில் இருந்தது. என் கையெழுத்து. முதல் வகுப்பு முழுவதையும் அந்த ஒரு சொல்லுக்காகச் செலவழித்தவள் நான். எட்டுக்கால் பூச்சி பூச்சி இல்லை, மரவட்டை பூச்சி இல்லை, நத்தையும் மண்புழுவும் இல்லவே இல்லை, கண்டதையெல்லாம் பூச்சி என்று சொல்லக் கூடாது என்று பிள்ளைகளைக் கால் எண்ண வைத்தேன். அதன்பின் வீட்டுக்குப் போகிற அவசரத்தில் ஆறு பெட்டிகளையும் அந்த ஒரே சொல்லில் போட்டு அடைத்திருக்கிறேன். என்மேலேயே எனக்குப் பற்றி எரிந்தது.

“விடுங்க மேடம், பூச்சிதானே. வேற புடிச்சுக்கலாம்” என்றார் தலைமையாசிரியை.

கதவில் இருந்த சீட்டைப் பிய்த்தெடுத்தேன்.

“பிள்ளைங்ககிட்ட தோட்டத்துல விட்டுட்டேன்னு சொல்லிடுங்க. செத்துப்போச்சுன்னா அழுவாங்க. வீட்ல போய்ச் சொல்லுவாங்க. அப்புறம் நாலு பேர் வந்து நிப்பாங்க. அடுத்த வருஷமும் நீங்க வரணும்ல?”

மிரட்டலைக்கூட அவர் அக்கறை மாதிரிதான் சொன்னார். மற்றப் பள்ளிகள் எனக்குப் படம் காட்ட மட்டும்தான் அனுமதி கொடுக்கின்றன. உயிரோடு கொண்டுவரலாம் என்று சொன்ன ஒரே பள்ளி இது. அவருக்கும் அது தெரியும். நான் பேசாமல் நின்றதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் கணவராக இருந்தால் ஏமாந்திருக்க மாட்டார். “அவ கத்தினா பயமில்ல, வாயை மூடிக்கிட்டாதான் நான் வீட்டைக் கூட்ட ஆரம்பிப்பேன்” என்று உறவுக்காரர்களிடம் சொல்லிச் சிரிக்கிறவர் அவர்.

பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கீழே, மருந்து நெடி இல்லாத சாப்பாட்டுக்கூடத்துக்குத் தூக்கினேன். ஆறு முறை மாடிப்படி ஏறி இறங்கினேன். ஒவ்வொரு படியிலும் ‘பூச்சிதானே, பூச்சிதானே’ என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

பிள்ளைகள் வந்தார்கள். கையுறைகளைக் கொடுத்தேன். எப்போதும் ஓடிவந்து மூடியைத் திறப்பவர்கள் அன்று திறக்கவில்லை. எதற்கெடுத்தாலும் வாதாடுகிற ஒரு சிறுமி உண்டு, வகுப்பே அவளை வக்கீல் என்றுதான் கூப்பிடும். அவள் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்துவிட்டு, தூங்குதா மிஸ் என்று கேட்டாள்.

தோட்டம் என்ற சொல் நாக்கு வரை வந்தது. அதை உச்சரிப்பது எவ்வளவு சுலபம் என்று தெரிந்தபோது இன்னும் கோபம் வந்தது.

“இல்லம்மா. செத்துப்போச்சு. அறையில மருந்து அடிச்சிருக்காங்க. பூச்சி இருக்குன்னு கதவுல எழுதி ஒட்டினது நான்தான்.”

சிலர் அழுதார்கள். அழட்டும் என்று விட்டேன். பிறகு மெல்லிய தூரிகைகளைக் கொடுத்து, ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து, அசைவு உண்டா இல்லையா என்று எழுதச் சொன்னேன். ரயில், இல்லை. மேனேஜர், இல்லை. அவசரம் ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு வாயில் நுரை தள்ளியிருந்தது. ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டோம். உண்டா இல்லையா என்று எழுத முடியாமல் அந்தப் பெட்டிக்குரிய நால்வரும் காத்திருந்தார்கள். மண்புழுக்கள் மட்டும் மண்ணுக்கடியில் நெளிந்தன. மருந்து அவ்வளவு ஆழம் இறங்கவில்லை என்று வக்கீல் கண்டுபிடித்தாள்.

அப்போதுதான் முதுகில் மருந்துத் தொட்டியோடு ஒருவர் கூடத்தைக் கடந்தார். இவர்தானா என்று வக்கீல் கேட்டாள். கூப்பிடலாமா என்றும் கேட்டாள். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த மனிதர் இருபத்துநான்கு பேர் முன்னால் கூனிக்குறுகி நிற்பதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. கூப்பிட்டேன்.

அவர் தொட்டியை வாசலிலேயே இறக்கி வைத்து, முகமூடியைக் கழற்றிவிட்டு வந்தார்.

“பெட்டியெல்லாம் பாக்கலையா அண்ணா?” என்றாள் வக்கீல்.

“பாத்தேன் பாப்பா. பூச்சி இருக்குன்னு கதவுல போட்டிருந்துச்சு. யாரோ நமக்காகப் புடிச்சு வச்சிருக்காங்க, இன்னிக்கு வேலை சுலபம்னு நெனச்சேன்.”

யாரும் சிரிக்கவில்லை. அவர் குனிந்து குச்சிப்பூச்சிகளைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் இந்த மாதிரி ஒன்றைப் பார்த்ததே இல்லை என்று மெதுவாகச் சொன்னார். அவர்மேல் வைத்திருந்த கோபத்தை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

வக்கீல் விடவில்லை. “எங்க வகுப்புலயும் அடிப்பீங்களா?”

“மாசத்துக்கு ஒரு தடவை, கண்ணு.”

“நாங்க வர்றதுக்கு எவ்வளவு நேரம் முன்னாடி?”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார். தலைமையாசிரியை எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை.

“ஒரு மணி நேரம். அடிச்சப்புறம் ஒரு நாள் முழுக்க ஜன்னலைத் திறந்து வைக்கணும், லீவு நாள்ல அடிக்கலாம்னு நான் சொல்லித்தான் பாத்தேன். ஞாயித்துக்கிழமை பள்ளிக்கூடம் திறக்க ஆள் இல்லைன்னுட்டாங்க.”

பிள்ளைகள் எல்லோரும் வாசல் பக்கம் திரும்பினார்கள். கையுறையைக் கழற்றாமல், தூரிகையைக் கீழே வைக்காமல் திரும்பினார்கள்.

“மேடம், கொஞ்சம் வெளிய வாங்க” என்றார் தலைமையாசிரியை.

வெளியே போனால் என்ன சொல்வார் என்று தெரியும். எப்படியும் அதைச் சொல்லத்தான் போகிறார். இந்தப் பள்ளியின் படியைப் பெட்டிகளோடு நான் ஏறுவது இன்றோடு சரி.

“பிள்ளைங்க உங்களைத்தான் கேக்குறாங்க. பதில் சொல்லிட்டுப் போகலாம்” என்றேன்.

பிள்ளைகள் உட்காரும் சின்ன நாற்காலி ஒன்றை அவருக்காக இழுத்துப் போட்டேன்.