முட்டுக்கம்பு

நீர்மாலைக் குடம் இடுப்பில் இருக்கும்போதே பாண்டிமீனாவின் போன் மூன்றாம் முறையாக அடித்தது. மேஸ்திரி முத்திருளன்.

"சாவு வீடுன்னு தெரியும்மா. ஓனரு நெருக்குறாரு. நாளைக்கு முட்டுக்கம்பு பிரிச்சாத்தான் ஆடிக்கு முன்னால பால் காய்ச்ச முடியுமாம். இஞ்சினியரு நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"அப்பாவைக் குளிப்பாட்டிட்டுச் சொல்றேண்ணே."

முட்டுக்கம்புகள் தாங்கி நிற்கும் கூரைக்குக் காங்கிரீட் போட்டு எட்டு நாள்தான் ஆகிறது. பூச்சுகூட ஆகாத வீட்டில் பால் காய்ச்சுவது நம்மூருக்குப் புதிதா என்ன! பத்து வருடத்துக்கு முன் இதே ஆனிக் கடைசியில், இதே அவசரத்துக்குத்தான் இஞ்சினியர் வீரணன், அவள் அப்பா, கம்பு பிரிக்கச் சரி என்று கையெழுத்துப் போட்டார். மறுநாள் மழையில் கூரை விழுந்து கொத்தனார் பேயாண்டி செத்தார். அப்பா ஜெயிலுக்குப் போனார். அவர் மகளை நம்பி வந்த முதல் வேலை இது. மாட்டேன் என்றால் இதுவும் போய்விடும்.

குளிப்பாட்டி முடித்தபோது வாசலில் பேச்சு சட்டென்று அடங்கியது. மாலையோடு நின்றவள் பேயாண்டியின் மனைவி அன்னக்கொடி.

"நீ எதுக்குத்தா வந்த?" என்றாள் ஒரு கிழவி.

"மத்தவுக மழை மேல பழியப் போட்டாக, எம்புருசன் குடிச்சிருந்தான்னாக. கோர்ட்டுல இவரு மட்டுந்தான் 'கையெழுத்து என்னது, தப்பும் என்னது'ன்னாரு. அந்த ஒரு சொல்லுக்கு வந்தேன்."

காலையிலிருந்து அழாத பாண்டிமீனா அவள் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"அண்ணே, இன்னும் ரெண்டு வாரத்துக்கு ஒரு கம்பையும் தொடக்கூடாது."

"ஆடி பொறந்துருமேம்மா!"

"பொறக்கட்டும். ஆவணியில காய்ச்சட்டும். வேற இஞ்சினியரு வேணும்னா பாத்துக்கிறச் சொல்லுங்க. ஆனா இப்பப் பிரிக்கக் கூடாதுன்னு நான் எழுதிக் குடுத்துருவேன்."

"நானே ஓனருகிட்டப் பேசுறேம்மா," என்றார் முத்திருளன்.

சவ ஊர்வலத்தில் ஒத்தக்கடை முச்சந்தியோடு பெண்கள் திரும்பிவிட வேண்டும். கட்டிக்கொண்டிருக்கிற அந்த வீடும் அங்கேதான். மொட்டைமாடியில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த முத்திருளன், அப்பாவைச் சுமந்து வந்த ரதத்தைக் கண்டதும் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

ரதம் போனதும் அன்னக்கொடி விலகிப் போய்க் கூரைக்கடியில் ஒரு முட்டுக்கம்பைப் பிடித்து அசைத்துப் பார்த்தாள். அசையவில்லை. அடுத்ததையும் பார்த்தாள். பிறகு வந்து பாண்டிமீனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள்.